பிரிஜெட்டுக்குப் போட்ட மேசை

“அப்போ அவரு கையால ஆக்குனத நீ ஒரு வாய்கூடத் தின்னதில்லையாக்கா? நம்பற மாதிரி சொல்லு.”

“மாதா மேல ஆணையா இல்ல.”

“மிச்சம் மீதிகூடவா? எங்க வூட்டுக்காரரோட தம்பி சோல்ஜருங்க மெஸ்ஸுல பாத்திரம் தேய்க்கறான். தினமும் எதையாவது துண்டுல முடிஞ்சு கொண்டாந்துருவான். ஒரு நாளு முழு மீனே வந்துச்சு, தலப்பாக்குள்ள ஒளிஞ்சுக்கினு.”

“இவரு கொண்டாரமாட்டாரு. துரைங்க தட்டுல மிஞ்சுனது என் வாசப்படி ஏறக்கூடாதும்பாரு.”

“சரி, மிஞ்சுனது வேணாம். தட்டுல போடறதுக்கு முந்தி ஒரு கரண்டி எடுத்து வெச்சா?”

“அது திருட்டாம்.”

ருக்மிணி துணியைக் கல்லில் போட்டுவிட்டுச் சிரித்தாள். “நல்ல மனுசனப் பிடிச்சுக் கட்டிக்கினே போ. பட்டுக்கடைக்காரனக் கட்டிக்கினு கிழிஞ்ச சேல கட்டற கதையால்ல இருக்குது.”

துவைகல்லின் இந்தப் பக்கம் பிரிஜெட், அந்தப் பக்கம் ருக்மிணி. காக்ஸ் டவுனில் ரயில் பாதையை ஒட்டி, ஒருவர் சுவரில் இன்னொருவர் சாய்ந்த மாதிரி ஓட்டு வீடுகள் நிற்கும் அந்தச் சந்துக்குக் குழாயும் கல்லும் பொது. ஆடி மாதத்துத் தூறல் காலையிலிருந்து பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. துவைத்த துணி கொடியில் காயாமல், அடுப்பு மேட்டுக்கு மேலே கட்டிய கயிற்றில் காய வேண்டிய காலம்.

பிரிஜெட்டின் கையில் இருந்தது புருஷனுடைய வெள்ளைக் கோட்டு. மதலைமுத்து மெரிடித் ஹோட்டலில் பெரிய குக். ஊட்டிக்குப் போகிற துரைமார் சிலர் வழியைச் சுற்றிக்கொண்டு பெங்களூரில் இறங்கி, மெரிடித்தில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடியும் ரயில் ஏறுவார்கள் என்று கன்டோன்மென்ட் முழுக்கப் பேச்சு இருந்தது. ஹோட்டலுக்கு வண்ணான் உண்டு. ஆனாலும் தன் கோட்டையும் தொப்பியையும் பெண்டாட்டி துவைத்துக் கஞ்சி போட்டால்தான் மதலைமுத்துவுக்குப் பிடிக்கும். இத்தனை வருஷமும் பிரிஜெட் அந்த ஹோட்டலின் சாப்பாட்டை அறிந்தது அந்தக் கோட்டின் வழியாகத்தான்.

“இது இன்னாக்கா, செவப்பா?”

“பீட்ரூட்டு. வெந்நி ஊத்துனா போயிரும்.”

“இந்த மஞ்சளு?”

“முட்டக் கரு, வெண்ணெயும் சேந்திருக்குது. மோந்து பாரு.”

“ஐய, நான் மாட்டேன்.” ருக்மிணி மூக்கைச் சுளித்தாள். அவள் புருஷன் தபாலாபீசில் பியூன். முட்டைகூடச் சேராத வீடு. “சரி, வெள்ளிக்கிழமதான் போகப்போறியே, எல்லாத்தையும் வட்டியோட சேத்துத் தின்னுட்டு வா. தின்னுட்டு இன்னா சொல்லப்போற? கோலாரா, இங்கயேவா?”

பிரிஜெட் கோட்டைப் புரட்டிப் போட்டாள். கோட்டின் கழுத்துப் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் எப்போதும் ஒரு வாசனை நிற்கும். கருகின கொழுப்பும் புதினாவும் சேர்ந்த மாதிரி. எத்தனை சோப்பு போட்டாலும் முழுக்கப் போகாது.

அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்து சில வாரம் ஆகியிருந்தது.

ஒரே மகள் ஜோசஃபினைக் கோலார் தங்கவயலில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் மேஸ்திரி வேலை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வந்து, ஈரக் குடையை மடக்கக்கூட நேரமில்லாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடினார். பிரிஜெட் அதைப் புருஷனிடம் சொல்வதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வீட்டில் விழித்திருக்கும் நேரம் அவ்வளவு குறைவு. விடியுமுன் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். இறைச்சியை அவர் விரலால் அழுத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் துரைமாருடைய காலை நாஷ்டா, பகல் சாப்பாடு, டீ, டின்னர். திரும்பும்போது சந்து உறங்கியிருக்கும். வந்ததும் மோர்விட்ட சோறு இரண்டு பிடி, ஒரு ஊறுகாய்த் துண்டு, அதுவும் நின்றுகொண்டே. “நாளெல்லாம் கொழுப்பு வாசனையக் குடிச்சிட்டு வர்றேன். பசி எங்க இருக்குது?” என்பார். பிரிஜெட் பதமாக வைத்த மீன் குழம்பு மறுநாள் அவளுக்கே பழைய சோற்றோடு சேரும்.

மற்ற நாள் போகட்டும். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஹோட்டலில்தான் கூட்டம் அதிகம். ஜோசஃபின் இருந்தவரைக்கும் தாயும் மகளும் நடுச்சாமப் பூசை பார்த்துவிட்டு வந்து, ஆட்டுக்கறியும் ஆப்பமுமாக எதிரெதிரே உட்கார்ந்து தின்பார்கள். மகள் போன பிறகு பிரிஜெட் பண்டிகைக்குத் தட்டை எடுப்பதில்லை. சட்டியிலேயே கொஞ்சம் சோற்றைப் பிசைந்து அடுப்பருகில் உட்கார்ந்து முடித்துவிடுவாள். தட்டு வைத்தால் எதிரே ஆள் இல்லாதது தெரிகிறது.

ஒரு நாள் விடியற்காலையில் மழை வலுத்துப் பிடித்துக்கொண்டது. ஜட்கா வண்டி வரவில்லை. மதலைமுத்து குடையும் பையுமாக வாசற்படியில் நின்றுவிட்டார். பிரிஜெட் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, சொல்லிவிட்டாள்.

“மாப்ள வந்திருந்தாரு. ஜோசஃபின் மறுபடி மாசமா இருக்காளாம்.”

“மாதாவுக்குத் தோத்திரம். பிரசவத்துக்குப் போயிட்டு வா.”

“பிரசவத்துக்கு மட்டும் இல்லீங்க. பெரிய குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்களாம். பின்னால ஒரு ரூம் சும்மா கெடக்குதாம். ரெண்டு பேரும் அங்கியே வந்துடுங்கன்றாரு.”

மதலைமுத்து காபியை ஆற்றினார். அவர் கண்ணில் இப்போது லேசாகப் புகை படர்ந்திருந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாது. இறைச்சியை மட்டும் விரல் பார்த்துக்கொள்ளும்.

“ஹோட்டல் துரை என்னை வேலைய வுட்டுப் போகாதேன்றாரு பிரிஜெட்டு. கண்ணு போனாலும் பரவால்ல, நாற்காலி போட்டு உக்காந்து பசங்களை ஏவுனா போதும்ன்றாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“யோசிக்கிறேன்னேன்.”

“நான் போறேங்க,” என்றாள் பிரிஜெட். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. “நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. போனா திரும்பி வர்றதா இல்ல. எனக்கு இந்த வூட்டுல செவுத்தோட பேசிப் பேசி வாய் வலிக்குது.”

ஓட்டு விளிம்பிலிருந்து மழை கயிறு கயிறாக இறங்கியது. மதலைமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சின்னப் பையன் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“என் சாப்பாட்ட நீ சாப்பிட்டதே இல்ல.”

“நீங்க போட்டாத்தானே?”

“அதுக்கில்ல. இத்தினி வருச வேலைக்குன்னு துரை எனக்கு வெள்ளிக் கடிகாரம் தர்றேன்னாரு. எனக்குக் கடிகாரம் எதுக்கு? என் சம்சாரம் ஒரு நாள் அந்த ஹால்ல, அந்த டேபிள்ல உக்காந்து, துரைசானிங்க சாப்பிடற மாதிரி சாப்பிடணும்னேன். மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் சரின்னுட்டாரு. வர்ற வெள்ளிக்கிழம துரைங்கல்லாம் நந்தி மலைக்குப் போறாங்க, ஹால் காலியா இருக்கும். வா. சாப்பிடு. நான் இத்தினி நாளா எங்க இருந்தேன்னு பாரு. பாத்துட்டு நீ கோலாருன்னா கோலாரு. மறுபேச்சு கிடையாது. மறுநாளே சாமான் கட்டிடலாம்.”

ஜட்கா வந்துவிட்டது. அவர் ஏறிப் போனார். அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால் பிரிஜெட்டுக்குப் பயமாகவும் இருந்தது. ஒரு மனிதனுடைய பிழைப்பு முழுவதும் அவள் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை என்றதும் முதலில் அவளுக்குத் தோன்றியது, சுத்தபோசன நாளாயிற்றே, கறி ஆகாதே என்பதுதான். பிறகு தன்னையே கடிந்துகொண்டாள். அவருக்குத் தெரியாதா? பிறந்து ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமை கறி தொடாத குடும்பம். மீன் செய்வார். மீனில்தான் துரைமார் எத்தனையோ விதம் வைத்திருக்கிறார்களே.

அப்புறம் வந்த நாட்களில் சாப்பாட்டைவிட வேறொன்றைத்தான் அவள் அதிகம் நினைத்தாள். ஜன்னலோரம் ஒரு மேசை. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவர் சாப்பிடும்போது அவருடைய முகத்தை நேரே பார்த்த ஞாபகமே இல்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராமலா போகும்? சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. பின்கட்டு ஓடு ஒழுகுகிறது. விறகுக் குவியலுக்குள் சாம்பல் பூனை குட்டி போட்டிருக்கிறது. சில நாள் மத்தியானத்தில் உள்ளறையில் ஜோசஃபின் கூப்பிடுகிற மாதிரியே கேட்கிறது, எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இதையெல்லாம் தூக்கக் கலக்கத்தில் நிற்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்குக் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த ஊதாப் பட்டைக் கட்டிக்கொண்டாள். ருக்மிணி வந்து பின்னால் மடிப்பைச் சரிசெய்தாள்.

“அக்கா, அந்த முள்ளுக் கரண்டிய முழுசா வாய்க்குள்ள வுடாத. குத்திக்கினு வந்து நிக்காத.”

“போடி.”

“நெஜமாத்தான். எங்க ஆபீசரு வூட்டுல ஒரு அய்யரு அப்படித்தான் ரத்தம் வழிய வந்தாராம். சரி, சிரி. சிரிச்சாதான் அழகா இருக்குற. புருசன் பாக்கறப்போ இப்படியே இரு.”

ஜட்காவின் படுதாவைத் தாண்டித் தூறல் மடியில் தெறித்தது. ரயில்வே கேட்டு, செங்கல் மதில்கள், ஈரத்தில் கறுத்த பெரிய மரங்கள். ஹோட்டல் வாசலில் மைக்கேல்ராஜ் குடையோடு காத்திருந்தான். அவன் அங்கே மேசையில் பரிமாறுகிறவன். வெள்ளைத் தலைப்பாகை, இடுப்பில் சிவப்புப் பட்டை. கோயிலில் அவனைப் பார்த்திருக்கிறாள். இந்த வேஷத்தில் வேறு ஆளாக இருந்தான்.

“வாங்கம்மா, வாங்க. இன்னிக்கு நீங்கதான் துரைசானி.”

“பின்பக்கமா போலாமே தம்பி. அவரப் பாத்துட்டு…”

“வேணாம்மா. பெரியவரு ஆர்டரு. முன்வாசல் வழியாத்தான் கூட்டியாரணுமாம்.”

ஹால் கோயில் மாதிரி உயரமாக இருந்தது. கோயில் மாதிரியேதான் குளிர்ச்சியும். வரிசை வரிசையாக வெள்ளைத் துணி போட்ட மேசைகள், ஒரு ஆள் இல்லை. தரை மெழுகு போட்டுத் தேய்த்திருந்தது. செருப்பைக் கழற்றப் போனவளை மைக்கேல்ராஜ் தடுத்தான். தூரத்தில், கடிகாரத்துக்குக் கீழே, கறுப்புக் கோட்டுப் போட்ட டெஸ்மண்ட் என்ற ஆங்கிலோ-இந்திய ஸ்டீவர்ட் உட்கார்ந்திருந்தார். ஹாலுக்கு அவர்தான் அதிகாரி. தலையை லேசாக அசைத்துவிட்டு மறுபடியும் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மேசை ஜன்னலோரந்தான் இருந்தது. இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலிக்கு முன்னால் மட்டும் கரண்டியும் கத்தியும் பரப்பியிருந்தது. சமையல் முடிந்ததும் அவருக்கும் வைப்பார்கள் என்று பிரிஜெட் நினைத்துக்கொண்டாள். அடுப்பை விட்டுவிட்டு உடனே வர முடியுமா? சூப்பு முடியட்டும்.

சூப்பு வந்தது. அகலத் தட்டில் வெளிர்த் தேநீர் நிறத்தில் இருந்தது. தட்டின் அடியில் வரைந்திருந்த நீலப்பூ இதழ் இதழாகத் தெரிந்தது. பிரிஜெட் கரண்டியில் எடுத்துக் குடித்தாள். சூடாக இருந்தது. அவ்வளவுதான். இன்னொரு கரண்டி குடித்தாள். முதல் தடவை நாக்கு தப்பவிட்டிருக்கும் என்று நினைத்து, மூன்றாவது கரண்டியைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஒரு மிளகாவது தட்டிப் போட்டிருக்கலாம்.

“எப்படீம்மா?” மைக்கேல்ராஜ் குனிந்து கேட்டான். “இதத் தின்றதுக்கே மெட்ராஸ்ல இருந்து வர்றாங்க. நேத்துலருந்து எலும்பு வேவுது. முட்ட வெள்ளக்கருவ வுட்டு அழுக்கெல்லாம் எடுத்து, துணியில வடிகட்டி… அடியில காசு போட்டா தலையா பூவான்னு தெரியணும்பாரு பெரியவரு.”

“எலும்பா?”

“மாட்டெலும்புதாம்மா. இன்னா, ஆறிப் போச்சா?”

பிரிஜெட் கரண்டியைக் கீழே வைத்தாள். “தம்பி, இன்னிக்கு என்ன கெழம?”

“வெள்ளி…” என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ. சுத்தபோசனம்.”

“உனக்கும் ஞாபகம் இல்லியா?”

“உள்ள கெழம ஏதும்மா? நாஷ்டா, லஞ்சு, டீ, டின்னரு. அதான் எங்களுக்குக் கெழம. தெரியாம குடிச்சது பாவத்துல சேராதும்மா, சாமியாரே சொல்லியிருக்காரு. ஜல்தியாப் போயி பெரியவருகிட்ட சொல்லிடறேன். முட்டையில ஏதாச்சும் பண்ணிடுவாரு.”

“வேணாம்.”

“இல்லம்மா, அடுத்தது…”

“சொல்லாத தம்பி. அவருக்குத் தானா ஞாபகம் வருதான்னு பாப்போம்.”

அவன் தயங்கித் தயங்கித் தட்டை எடுத்துக்கொண்டு போனான். சமையல்கட்டுக்குப் போகும் கதவு இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. அதில் முக உயரத்துக்கு வட்டமாக ஒரு கண்ணாடி. அவன் உள்ளே போன பிறகும் கதவு கொஞ்ச நேரம் ஆடி நின்றது. வெளியே தூறல் புல்வெளியை நனைத்துக்கொண்டிருந்தது. ஒரு தோட்டக்காரன் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டிச் சுவட்டை மண்ணால் மூடினான். இத்தனை பெரிய ஹாலில் தான் மூச்சு விடுவது தனக்கே கேட்பது பிரிஜெட்டுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் என்றால் ருக்மிணி பாத்திரம் போடுகிற சத்தமாவது கேட்கும்.

அடுத்துத் தட்டு வந்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மீன்! முள் எடுத்த விரால், மேலே கெட்டியாக வெள்ளைக் குழம்பு, பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு. ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு. சூப்பு ஏதோ கைமறதி. அவள் ருசியைப் பற்றிக் கவலைப்படவில்லை. வெண்ணெயும் பாலும் மாவும் சேர்ந்து வாய்க்குள் கோந்து மாதிரி ஒட்டியது. புளியில்லாமல், மிளகாயில்லாமல் மீன் எங்கேயோ தூரத்தில் இருந்தது. இந்தக் கையா முப்பது, நாற்பது பேரை ஊட்டி ரயிலிலிருந்து இறக்கியது என்று ஆச்சரியப்பட்டாள். ஆனாலும் ஒரு துணுக்கு விடாமல் வழித்துத் தின்றாள். உருளைக்கிழங்கு ஒவ்வொன்றும் ஒரே அளவில், ஒரே உருண்டையாக, செபமாலை மணி மாதிரிச் செதுக்கியிருந்தது. அரைப் பார்வையை வைத்துக்கொண்டு இதைச் செதுக்கியிருக்கிறார். அதை நினைத்து, கடைசிக் கிழங்கை மெதுவாக மென்றாள்.

நிமிர்ந்தாள். கதவின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தொப்பி. தொப்பிக்குக் கீழே முகம் ஆவியில் சரியாகத் தெரியவில்லை. அவள் கையைத் தூக்கி, வாங்க என்கிற மாதிரி எதிர் நாற்காலியைக் காட்டினாள். தொப்பி சட்டென்று மறைந்துபோயிற்று.

மைக்கேல்ராஜ் வந்து தட்டை எடுத்தான். காலித் தட்டைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது.

“பெரியவரு குஷியாயிட்டாரு. கண்ணாடி வழியா பாத்துக்கினே இருக்குறாரு.”

“அவரு எப்ப வருவாரு?”

“யாரும்மா?”

“அவருதான். எப்ப வந்து சாப்பிடுவாரு?”

மைக்கேல்ராஜ் காலி நாற்காலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஆக்கறவரு எப்படீம்மா வந்து உக்காருவாரு?” என்றான் மெதுவாக. “அடுப்புக்காரங்க ஹாலுக்குள்ள வரக்கூடாது. ரூலு. பெரியவரு சேந்ததுலருந்து இந்தத் தரைய மிதிச்சதே கிடையாது. அந்தக் கதவு வரைக்கும்தான். இந்த ஜன்னலு, இந்தத் தோட்டமெல்லாம் எங்கள மாதிரிப் பசங்க சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.”

பிரிஜெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோட்டக்காரன் போய்விட்டிருந்தான்.

அப்போது அந்த வாசனை வந்தது. தட்டு மேசைக்கு வருமுன்பே வந்தது. கருகின கொழுப்பும் புதினாவும்.  இத்தனை காலம் கழுத்துப் பட்டையில் தேய்த்துத் தேய்த்துப் போகாத வாசனை. பக்கத்தில் படுத்து, முதுகைக் காட்டித் தூங்குகிற மனிதனுடைய வாசனை. தட்டில் ஆட்டுத் தொடை இறைச்சி, ஓரம் பொன்னாக, நடுவில் இளஞ்சிவப்பாக, அடுக்கி வைத்த துண்டங்களாக இருந்தது. மேலே பழுப்பு நிறத்தில் குழம்பு, ஒரு கிண்ணத்தில் புதினா ஊறிய வினிகர்.

மெரிடித்தின் பேரே இந்த ஆட்டுத் தொடையால்தான். கவர்னர் மாளிகையிலிருந்து ஆள் அனுப்பிச் செய்முறை கேட்டார்கள் என்று சந்தே சொல்லும். மதலைமுத்து தன்னிடத்தில் இருப்பதில் மிக உயர்ந்ததை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

மீன் வந்தது வெள்ளிக்கிழமையின் ஞாபகத்தால் இல்லை. சூப்புக்கு அப்புறம் மீன், மீனுக்கு அப்புறம் கறி. துரைமாருக்கு என்றைக்கும் அதுதான் வரிசை. அவளுக்கும் அதே வரிசை.

கத்தியும் முள்ளும் அவள் கையில் இருந்தன. தின்றால் ஒரு பாவசங்கீர்த்தனத்தோடு போய்விடும். சாமியார் கொஞ்சம் செபம் சொல்லச் சொல்வார். பசியும் இருந்தது. இது ஒன்றுதான் ருசியாகவும் இருக்கும் என்று வாசனையே சொன்னது. ஆனால் அவள் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள். வீட்டில் தான் எந்த நாளை எப்படி வைத்திருக்கிறோம் என்பது தெரியாத ஒருவருக்காக அந்த நாளை எப்படி விட்டுக்கொடுப்பது?

மைக்கேல்ராஜ் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். குழம்பின் மேலே ஆடை படிகிற வரைக்கும் பொறுத்தான். பிறகு கிட்டே வந்து, டெஸ்மண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிசுகிசுத்தான்.

“அம்மா, தொடாத தட்டு உள்ள போகக் கூடாதும்மா. போன மழைக்கு ஒரு கர்னல் துரை இப்படித்தான், வாய்ல வெக்காம திருப்பி அனுப்பிச்சாரு. பெரியவரு அன்னிக்கு யாரோடயும் பேசல.”

அந்த நாள் பிரிஜெட்டுக்கு நினைவிருந்தது. அவர் வீட்டுக்கு வந்து மோர்ச் சோறுகூட வேண்டாமென்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை, போய்ப் படு என்றார். ஒரு தட்டு திரும்பி வந்தது என்று சொல்லியிருந்தால் அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

“நான் ஒண்ணு செய்யட்டா?” மைக்கேல்ராஜ் கையிலிருந்த துணியை விரித்துக் காட்டினான். “மூணு, நாலு துண்ட இதுல சுருட்டிக்கறேன். நீங்க குழம்ப மட்டும் கரண்டியால கொஞ்சம் கலைச்சு வுடுங்க. பாதி தின்ன மாதிரி இருக்கும். நல்லா இருந்துச்சுன்னாங்கன்னு நான் போய்ச் சொல்லிடறேன். யாருக்கு இன்னா நஷ்டம்? அவரும் நிம்மதியாத் தூங்குவாரு, உங்களுக்கும் வெள்ளிக்கிழம நிக்கும்.”

அவன் நல்ல பிள்ளை. அவன் சொன்னது சுலபமாகவும் இருந்தது. அப்படிச் செய்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய், கோலாரா இங்கேயா என்று எதையாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். இங்கே என்றால் அவர் சந்தோஷமாக மறுநாள் விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போவார். கோலார் என்றால் வாயைத் திறக்காமல் சாமான் கட்டுவார். கோலாருக்கு வந்தாலும் அவர் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டுதான் இரண்டு பிடி தின்பார். அந்தப் பின்னறையில், மகளும் பேரப்பிள்ளையும் பக்கத்திலிருக்க, அவளுக்கு எதிரே இடம் அப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

மைக்கேல்ராஜ் துணியோடு கையைத் தட்டுப் பக்கம் நீட்டினான். பிரிஜெட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மெழுகுத் தரையில் நாற்காலி கீச்சிட்டது. டெஸ்மண்ட் பேப்பரைத் தாழ்த்தி அவர்களைப் பார்த்தார்.

“எடுக்காத தம்பி. தட்டு இங்கயே இருக்கட்டும்.”

“அம்மா, ஸ்டீவர்ட் பாக்கறாரு…”

“பாக்கட்டும். நீ உள்ள போ. நல்லா இருக்குன்னும் சொல்லாத, நல்லால்லன்னும் சொல்லாத. கோலாரு பேச்சு அப்புறம். இந்த நாற்காலியில வந்து கொஞ்ச நேரம் என் எதிர்ல உக்காரச் சொல்லு. அவரு ஒண்ணும் சாப்பிட வேணாம். ஸ்டீவர்ட் என்ன சொல்வாரு, துரை என்ன சொல்வாருன்னு பாக்காம, அந்தக் கதவத் தாண்டி வந்து சும்மா உக்காந்தா போதும்னு சொல்லு தம்பி.”